உடம்பு வணங்கியவள்

பதினான்கு ஆண்டுகள், ஞாயிறு தவறாமல், என் மனைவி ஷாரோனை ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் கூடும் தமிழ்ச் சபைக்குக் காரில் கொண்டுபோய் விட்டவன் நான். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நான் கிள்ளானில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில் வளர்ந்தவன். அவளும் அதே ஊர்தான், மெதடிஸ்ட் குடும்பம். அவரவர் சாமி அவரவருக்கு என்று கல்யாணத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொண்டோம். அவள் உள்ளே போவாள். நான் ரோட்டோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மழை பெய்தாலும் ஏற்றமாட்டேன். ஏற்றினால் அவள் பாடுவது கேட்காது. நாற்பது பேர் சேர்ந்து பாடினாலும் அவள் குரல் மட்டும் தனியாக, வெள்ளைத் துணியில் ஓடும் ஜரிகைபோல் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குள் ஒரு கர்வம் வரும். சாமி வேறாக இருக்கலாம், குரல் என் வீட்டுக் குரல்.

அந்தக் குரலை வைத்துத்தான் அவள் வேலையும் பார்த்தாள். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்கள், சமையலறை எரிந்துபோனவர்கள் அழுதுகொண்டே கூப்பிடுவார்கள். ஷாரோன் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவர்களுக்கு மூச்சு சீராகிவிடும் என்று அவளுடைய மேலாளர் ஒரு விருந்தில் என்னிடமே சொன்னார்.

2022 பிப்ரவரியில் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. தைராய்டில் கட்டி. குரலுக்குப் போகும் நரம்பை அது சுற்றிப் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் முன்கூட்டியே தாளில் படம் வரைந்து காட்டினார். நரம்பைக் காப்பாற்றப் போனால் நோய் மிஞ்சும் என்றார். ஷாரோன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆகவே யார்மீதும் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. உயிர் தங்கியது.

மூன்றாம் நாள் எங்கள் மகள் தேவதர்ஷினி பார்க்க வந்தபோது ஷாரோன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தாள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மகள் சிரித்த முகத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். பிறகு வராந்தாவுக்குப் போய் அரை மணி நேரம் திரும்பவில்லை.

மாதங்கள் போயின. குரல்நாணில் ஊசி போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும் அளவுக்குப் பேச்சு வந்தது. பாட்டு மட்டும் இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அவளைக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். "மம், கிச்சன்ல இருந்தே டெக்ஸ்ட் பண்ணு, இட்ஸ் ஃபைன்" என்றாள் மகள். ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் செய்தி அனுப்பிக்கொண்டோம்.

சபைக்கு இரண்டு வாரம் போய்ப் பார்த்தாள். ஆளாளுக்கு அன்பாகத்தான் பேசினார்கள். "மனசுக்குள்ள பாடுங்க சிஸ்டர்" என்றார்கள். மூன்றாம் வாரம் அவள் காரில் ஏறவில்லை.

பாடகர் குழுவை நடத்தும் இரத்தினசிங்கம் வீட்டுக்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைக் கடந்தவர். "பிள்ளை, உம்மட இடம் அப்பிடியே கிடக்குது. ஒருத்தரையும் அதில நிக்க விடேல்லை" என்றார். நல்ல மனுஷன். ஆனால் அந்தக் காலி இடத்தைப் பற்றிக் கேட்டதும் ஷாரோன் எழுந்து படுக்கையறைக்குள் போய்விட்டாள். நானும் அவரும் ஆறிய தேநீரைக் குடித்தோம்.

அன்று சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். "நரேன், எனக்கு பாடித்தான் ஜெபம் பண்ணத் தெரியும். சின்ன பிள்ளையில இருந்தே அப்படித்தான். சும்மா கண்ணை மூடி உட்கார்ந்தா, ஆளில்லாத வீட்டுக்கு போன் அடிக்கிற மாதிரி இருக்கு."

நான் வீடுகளைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்துகிறவன். எது ஓடவில்லையோ அதைக் கழற்றிப் பார்க்கத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

*

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய கழுத்தும் இடது தோளும் இறுகிப்போயிருந்தன. மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. அங்கே நோவா என்ற பெண் பார்த்தாள். முப்பத்துநாலு வயது. ஹைஃபாவில் பிறந்து ஒன்பது வயதில் பெற்றோருடன் ஆக்லாந்துக்கு வந்த யூதப் பெண். முதலில் நடனம் படித்து, அப்புறம் பிசியோவுக்கு வந்தவள். ஷாரோனின் பேச்சு கேட்காதே என்று நானும் கூடப் போவேன். அவள் காதோரம் சொல்வதை நான் உரக்கச் சொல்வேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நாலாவது தடவை, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே நோவா கேட்டாள்: "குரல் போனதில் உங்களுக்கு எது அதிகமாக வலிக்கிறது? வேலையா?"

ஷாரோன் என் காதில் சொன்னாள். நான் சொன்னேன்: "ஜெபம்."

நோவாவின் கை நின்றது. "எங்களிடம் ஒரு பழைய ஜெபம் இருக்கிறது. நாளுக்கு மூன்று தடவை, நின்றுகொண்டு செய்வது. அதில் உதடு அசைய வேண்டும். ஆனால் குரல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கக் கூடாது. அதுதான் விதி."

ஷாரோன் எழுந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை என் காதைத் தேடவில்லை. இருக்கிற காற்றையெல்லாம் கூட்டி நேராக நோவாவிடமே கேட்டாள்: "கேட்கக் கூடாதா?"

"கேட்டால் தவறு" என்றாள் நோவா.

பிள்ளையில்லாத ஒரு பெண் தேவாலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்ததையும், குடித்திருக்கிறாள் என்று குரு அவளைத் தவறாக நினைத்ததையும் ஷாரோன் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறாள். அந்தப் பெண்ணிடமிருந்துதான் தன் மக்கள் இந்த விதியைக் கற்றார்கள் என்று நோவா சொன்னதும், ஷாரோன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை.

*

புதன்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு நோவா ஒரு வகுப்பு நடத்தினாள். சமூகக் கூடத்தில் மரத்தரை, பதினோரு பேர். முதல் நாளே அவள் தெளிவாகச் சொன்னாள்: "நான் ரபி இல்லை, மதகுரு இல்லை. இதில் பாதி என் முன்னோர் செய்தது. குனிவது, மூன்று அடி பின்வாங்கி மூன்று அடி முன்வருவது எல்லாம் அவர்களுடையது. எழுத்துகளை உடம்பால் எழுதுவது நான் சேர்த்தது. எது எது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்."

நான் ஓரமாக நாற்காலியில் உட்காரப் போனேன். "இங்கே பார்வையாளர் கிடையாது, சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றாள். கழற்றினேன். ஒரு காலுறையில் ஓட்டை.

எபிரேயத்தின் முதல் எழுத்து ஆலெப். அதற்கு ஒலியே இல்லை என்றாள் நோவா. வாய் திறக்கிறது, மூச்சு தயாராகிறது, சத்தம் வருவதற்கு முந்தைய அந்த நொடிக்குப் பெயர்தான் ஆலெப். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, உடம்பு நடுவில் சாய்ந்து நிற்க வேண்டும். ஷாரோன் அதைச் செய்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத சிரிப்பு.

"ஆலெப், பேத், கிமெல்..." என்று காரில் வரும்போது சொன்னாள். "சின்ன பிள்ளையில பைபிள்ல நாங்க மனப்பாடம் பண்ண பெரிய சங்கீதம் ஒண்ணுல பத்திக்கு பத்தி மேல இப்படி போட்டிருக்கும். என்னான்னு டீச்சரையே கேட்டேன். தலைப்பு லா, படிக்க வேணாம், தாண்டிப் போன்னாங்க. நாப்பது வருஷமா தாண்டிப் போயிருக்கேன், நரேன்."

அன்றிலிருந்து அவள் தாண்டவில்லை. இருபத்திரண்டு எழுத்துகளையும் எழுதிப் பழகினாள், முதலில் தாளில், பிறகு உடம்பில். காலை ஆறரைக்கு கராஜ் கதவை உயர்த்திவிட்டு என் கருவிப்பெட்டிகளுக்கு நடுவே நிற்பாள். பாதங்களைச் சேர்த்து வைப்பாள். மூன்று அடி பின்னால், மூன்று அடி முன்னால். ஓர் அரசனின் முன் போய் நிற்பதற்கு அப்படித்தான் வருவார்களாம். முதலில் முழங்கால் மடியும், பிறகு இடுப்பு, பிறகு தலை. நிமிரும்போது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக எழும்பி வரும். உதடு அசைந்துகொண்டே இருக்கும். எதிர்வீட்டு சாமோவாக்காரர் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வரும்போது அவளைப் பார்த்தால் நின்று, தலையைத் தாழ்த்திவிட்டு, முடிந்த பிறகே இழுப்பார்.

ஏழெட்டு மாதத்தில் கழுத்து தளர்ந்தது. அது பெரிதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "இப்ப யாரோ போனை எடுக்கிறாங்க" என்றாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

*

2024 தொடக்கத்தில் இரத்தினசிங்கம் மறுபடி வந்தார். ஷாரோன் கற்றுக்கொள்வது அவர் காதுக்கு எட்டியிருந்தது. மார்ச்சில் சபையின் அறுவடைப் பண்டிகை. "பிள்ளை, அந்த யூத நடனத்தை நீர் பண்டிகையில செய்து காட்டவேணும். எட்டுப் பெண்பிள்ளையளைத் தாறன். பழக்கிவிடும்."

ஷாரோன் உடனே தலையாட்டிவிட்டாள். இரண்டு ஆண்டுகளாகச் சபையை விட்டு விலகியிருந்தவள் அவள். திரும்பிப் போக ஒரு வாசல் திறந்ததும், அது எந்த வாசல் என்று பார்க்கவில்லை. பின்னால் அவளே ஒப்புக்கொண்டாள்.

ஒத்திகை நாளில் நான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஆங்கில அறிவிப்புகளைச் சொல்ல மகளும் வந்திருந்தாள். நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். மேடையில் எட்டுப் பெண்களும் தோளில் வெள்ளைச் சால்வை போட்டு நின்றிருக்கிறார்கள். நீலக்கோடு, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட நூல்கள். யூதர்கள் ஜெபத்தில் போர்த்திக்கொள்ளும் சால்வையை இணையத்தில் பார்த்து, அதேபோல் வரவழைத்திருந்தார்கள். ஒரு பெண் சால்வையின் நூலை விரலில் சுற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அதைத் தலையில் கட்டிப் படம் எடுத்துக்கொண்டாள்.

ஷாரோன் மேடையேறினாள். மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்று கை காட்டினாள். கூடத்தில் இருந்த முப்பது பேரும் கேட்பதற்காக மூச்சைப் பிடித்தார்கள்.

"இந்தத் துணி நம்மளோடது இல்லே" என்றாள். "இதைப் போத்திக்கிட்டு ஜெபம் பண்றவங்க இந்த ஊர்லயே இருக்காங்க. அவங்களுக்கு இது வேஷம் இல்லே. எனக்குச் சொல்லிக்கொடுத்தவ இங்க வந்து பார்த்தா, நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பேன்?"

இரத்தினசிங்கத்துக்கு முகம் சிவந்தது. "நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தனான். உம்மைத் திருப்பிக் கொண்டுவரத்தானே இவ்வளவும்."

"தெரியும் அங்கிள். அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. நான் முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

பெண்கள் ஒவ்வொருவராகச் சால்வையைக் கழற்றி மடித்தார்கள். பண்டிகைக்கு ஐந்து வாரம் இருந்தது, கையில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. காரில் ஏறியதும் மகள் தாயின் தோளில் கை போட்டு, "மம், தட் வாஸ் த லவுடெஸ்ட் யூ ஹேவ் எவர் பீன்" என்றாள்.

*

மறுநாளே ஷாரோன் நோவாவிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னாள், தான் தலையாட்டியது உட்பட. நோவா கோபப்படவில்லை. யோசிக்க ஒரு வாரம் கேட்டாள். அந்த வாரம் ஷாரோன் கராஜ் கதவைத் திறக்கவே இல்லை.

அடுத்த புதன் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நோவா எங்களை நிறுத்தினாள். "எங்கள் ஜெபத்தை அங்கே செய்ய வேண்டாம். அது எங்களுடையது, எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அது சொல்லித்தருகிற வழி யாருக்கும் பொது. எங்கள் மொழியில் முழங்காலுக்கும் ஆசீர்வாதத்துக்கும் ஒரே வேர். சொல்லே உடம்பை மடிக்கிறது. உங்கள் மொழியில் அப்படிச் சொல் உண்டா?"

ஷாரோன் என்னைப் பார்த்தாள். நான் ஷாரோனைப் பார்த்தேன். இருவரும் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவர்கள்தான், ஆனால் இப்படி யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து நான் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தேன். தரையெல்லாம் மண். "உடம்பு வணங்கி ஒரு வேலை செய்யமாட்டியே" என்று ஷாரோன் முணுமுணுத்தாள். எங்கள் ஊரில் சோம்பேறியைத் திட்டும் சாதாரண வார்த்தை. என் அம்மா நாளுக்கு நாலு தடவை என்னைச் சொல்லியிருக்கிறார்.

இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம்.

"வணங்கி" என்றேன் நான். "வணங்குறதுன்னா கும்பிடுறது. உடம்பு வணங்குறதுன்னா வளையுறது. ரெண்டும் ஒண்ணுதானே!"

அவள் தாளை எடுத்தாள். அடுத்து 'பணி' என்று எழுதினாள். பணிதல் என்றால் குனிந்து வணங்குவது, பணி என்றால் வேலையும்தான். தாழ், தொழு, ஏந்து, நிமிர். எழுத எழுத அவளே எழுந்து ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். சமையலறையில் இடமில்லை என்று நாற்காலிகளைத் தூக்கி வெளியே வைத்தேன். என்ன சத்தம் என்று பார்க்க வந்த மகள் கதவில் சாய்ந்து நின்றாள், பிறகு அவளும் குனிந்தாள்.

'பணி'யைப் பற்றிச் சொன்னபோது நோவா கைதட்டினாள். "எங்களுக்கும்! வேலைக்கும் வழிபாட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சொல்தான்!" அவளும் ஷாரோனும் இரண்டு சிறுமிகளைப்போல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குதித்தார்கள். இரண்டு பழைய மொழிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டதைப் பார்க்க அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். என் தமிழை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன் இல்லை.

*

அந்தச் சொற்களைப் பண்டிகையில் சபை முழுவதும் சேர்ந்து உடம்பால் செய்வது என்று ஷாரோனும் இரத்தினசிங்கமும் பேசி முடித்தார்கள். பண்டிகை நாளன்று ஷாரோன் எனக்கு ஒரு வேலை வைத்திருந்தாள். "பின்னால நிக்கிறவங்களுக்கு நான் தெரிய மாட்டேன். அசைவு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பின்வரிசையில நிக்கணும். உன்னைவிட்டா யாரு இருக்கா?"

அப்படித்தான் அந்தச் சபைக்குள் முதல்முறையாகப் போனேன். பூசணிகள், வாழைக்குலைகள், கூடை கூடையாக ஆரஞ்சுப்பழம். நூற்றுச் சொச்சம் பேர். நோவா இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

தொடங்குவதற்கு முன் தேவதர்ஷினி மைக்கில் ஒரு தாளைப் படித்தாள். கேள்வி தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை அவள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தாள்: "என் அம்மா இதை நோவா என்பவரிடம் கற்றார். இது யூத மக்களின் பழைய ஜெபம் காட்டிய வழி. அவர்களுடைய ஜெபத்தை நாங்கள் எடுக்கவில்லை. நம்முடைய சொற்களை நம்முடைய உடம்பால் சொல்லப்போகிறோம். குரல் வேண்டாம். உதடு போதும்."

ஷாரோன் முன்னால் வந்தாள். சாதாரணக் கத்தரிப்பூ நிறப் புடவை. முழங்கால் மடங்கினால் தடுக்காமலிருக்க அரை அங்குலம் உயர்த்திக் கட்டியிருந்தாள். பாதங்களைச் சேர்த்து நின்றாள்.

நில். தாழ். பணி. தொழு. ஏந்து. நிமிர்.

வாத்தியமில்லை. நூறு பேரின் உடைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அங்கங்கே முழங்கால்கள் சொடுக்கின. குனியமுடியாத இரத்தினசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைத் தன் மடிவரை கொண்டுபோனார். ஏந்தும்போது நூறு சோடிக் கைகள் உள்ளங்கை குழிந்து ஒன்றாக உயர்ந்தன. குழந்தைகள்கூடப் பேசவில்லை. பின்வரிசையில் என் இருபுறமும் இருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நான் தவறு செய்தால் அவர்களும் தவறு செய்வார்கள் என்ற பயத்தில் எனக்கு வியர்த்தது. தோப்புக்கரணம் போட்டுப் பழகிய முழங்கால், ஏமாற்றவில்லை. என் மாரியம்மா கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

மூன்றாம் சுற்று முடிந்து நிமிர்ந்தபோது ஷாரோனின் முகத்தைப் பார்த்தேன். அவள் பாடும்போது அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அத்தனை ஆண்டும் காரில்தானே உட்கார்ந்திருந்தேன். இப்போது பார்த்தேன்.

முடிந்ததும் இரத்தினசிங்கம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "நாப்பது வரியமாப் பாட்டுப் பழக்கிறன் பிள்ளை. சனம் இப்பிடி அமைதியா நிண்டதை நான் காணேல்லை." பிறகு, "அந்தச் சால்வையளை அனுப்பினவைக்கே திருப்பி அனுப்பிப்போட்டன்" என்றார்.

"ஓம் அங்கிள்" என்றாள் ஷாரோன், அவருடைய தமிழிலேயே.

நோவா எங்களிடம் வந்தாள். ஷாரோனின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பந்தியில் உட்கார்ந்து, உறைப்புத் தாங்காமல் கண்ணீர் வடிய, சைவச் சாப்பாட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

*

அதன் பிறகு காரியங்கள் தாமாக வந்தன. ஷாரோனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் தொண்டைப் புற்றுநோயால் குரல் இழந்த ஒருவரை எங்கள் கராஜுக்கு அனுப்பினார். ஏரம்பமூர்த்தி, லாரி ஓட்டியவர். முதல் நாள் சுவரோரம் கைகட்டி நின்றவர் மூன்றாம் வாரம் தன் மனைவியையும் கூட்டிவந்தார். "இவருக்கு இப்ப கோவம் குறைஞ்சிருக்கு" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் எங்கள் கராஜில் இடம் போதவில்லை. என் கருவிப்பெட்டிகள் வேனுக்குள் குடிபோயின.

2025 குளிர்காலத்தில் நோவாவுக்கு ஏழு மாதம். குனிந்து நிமிர முடியவில்லை. ஐந்து மாதத்துக்குப் புதன் வகுப்பை ஷாரோன் நடத்த வேண்டும் என்று கேட்டாள்.

ஷாரோன் மிரண்டுபோனாள். "நான் யூதப் பெண் இல்லே. குரலும் இல்லே. அங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் உன் மக்கள். நான் எப்படி அவங்களுக்கே சொல்லிக்கொடுக்கிறது?"

"எங்கள் மொழியில் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் ஒரே வேர்" என்றாள் நோவா. "ஒன்றைச் செய்துகொண்டிருப்பவள் மற்றதையும் செய்துகொண்டுதான் இருக்கிறாள். சொற்களை என் அம்மா சொல்வாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்."

நோவாவின் அம்மா ரிவ்கா ஓய்வுபெற்ற தாதி. கண்டிப்பானவர். பிறந்ததிலிருந்து அந்த ஜெபத்தோடு வளர்ந்தவர். முதல் புதனன்று இருபத்துமூன்று பேர் வந்தார்கள். ரிவ்கா சொற்களை உரக்கச் சொன்னார், ஷாரோன் முன்னால் நின்று செய்தாள். மூன்று அடி பின்வாங்கும் இடத்தில் ரிவ்கா வலது காலை முதலில் எடுத்தார். இடதுதான் முதலில் போக வேண்டும். ஷாரோன் அவரைப் பார்த்துத் தன் இடது தொடையை இரண்டு விரலால் மெல்லத் தட்டினாள். ரிவ்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். காலை மாற்றினார்.

வகுப்பு முடிந்ததும் கூடத்தின் நடுவில் நின்று மகளுக்குத் தொலைபேசியில் கத்தினார்: "என்னைத் திருத்துகிறாள், நோவா! என்னை! அறுபத்தாறு வருஷமாக நான் செய்வதை!" அந்தக் கண்டிப்பான முகம் முழுக்கச் சிரிப்பு. ஷாரோன் தூரத்தில் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழாததுபோல் நடித்தாள். காது மடல் சிவந்திருந்தது.

நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதல்முறை வந்த ஒரு பெண், உயரமான வெள்ளைக்காரி, என் பக்கத்தில் உட்கார்ந்து தன் சப்பாத்தின் கயிற்றை முடிந்தாள்.

"நீங்களும் இங்கே உதவி செய்கிறவரா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "நான் டீச்சரின் கணவர்."

"ஓ" என்றாள் அவள். பிறகு, அடுத்த புதனும் ஆறு மணிதானா என்று கேட்டாள். ஆறு மணிதான் என்றேன், கொஞ்சம் முன்னாலேயே வந்தால் முதல் வரிசையில் இடம் கிடைக்கும் என்றும் சொன்னேன்.